கை நனைத்த வீடு

போர்டு மாட்டியாகிவிட்டது. மாட்டுவார்களா மாட்டாமலே போய்விடுவார்களா என்று போன வாரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் இனி அடுத்த கவலைக்குப் போகலாம். இந்த வீட்டில் கவலைக்கு என்றைக்குப் பஞ்சம் வந்தது?

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. கோவில்பட்டியில் காசிராஜனின் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் படுத்துவிட்டது. மகன் மணிகண்டபிரபு கொஞ்ச காலம் சும்மா இருந்து பார்த்தான், அதுவும் சரிப்பட்டு வரவில்லை. அந்த நேரத்தில்தான் அவன் மனைவி காளீஸ்வரியின் அண்ணன் லிங்கராஜ் ஒரு யோசனையோடு விளாத்திகுளத்திலிருந்து வந்து இறங்கினான். ஊரில் உள்ள கடைக்காரர்கள் எல்லோருக்கும் வெளியே பாக்கி நிற்கிறது, போய்க் கேட்கத்தான் ஆளில்லை. நாம் போய்க் கேட்போம், வசூலாவதில் நமக்கு ஒரு பங்கு. பிரபு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

காசிராஜன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடன் கொடுத்தவன் வாசலில் வந்து உட்கார்ந்தால் வீட்டுக்குள் இருக்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும், அந்தத் தொழில் நடக்கிற இடத்தில் என் செருப்புகூடப் படாது என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர்தான். யோசனை மருமகளின் பிறந்த வீட்டிலிருந்து வந்தது அல்லவா, அதனால் அவளோடு பேச்சும் நின்றுபோனது.

மாசி மாதத்தில் நல்ல நாள் பார்த்து, மஞ்சள் போர்டில் சிவப்பு எழுத்தில் 'காளீஸ்வரி கலெக்‌ஷன்' என்று எழுதி மாட்டினார்கள். பேர் வைத்தவன் லிங்கராஜ்தான். சூடம் காட்டி முடிப்பதற்குள் ஒரு அம்மாள் படியேறி வந்து ஜாக்கெட் துணி இருக்கிறதா என்று கேட்டாள். கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இராமச்சந்திரன் மட்டும் சிரிக்கவில்லை.

இராமச்சந்திரன் உரக்கடை வைத்திருக்கிறார். இந்த ஆபீசுக்கு முதன்முதலாகத் தன் பாக்கியை ஒப்படைத்தவர் அவர். குளத்தூரில் ராஜமணி என்று ஒரு சம்சாரி, போன வருஷம் மிளகாய்க்கு வாங்கிய உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் இன்னும் பணம் கட்டவில்லை. போர்டு மாட்டுவதற்கு முன்பிருந்தே அந்தப் பாக்கிக்காக லிங்கராஜ் அலைந்துகொண்டிருந்தான். அலைந்து என்ன கொண்டுவந்தாய் என்று இன்றைக்கு அத்தனை பேர் முன்னாலும் இராமச்சந்திரன் கேட்டுவிட்டார்.

லிங்கராஜ் அசரவில்லை. வாசலிலேயே நிறுத்திவைக்கிறார்கள், நாயை அவிழ்த்து விடுகிறார்கள், அந்த ராஜமணியின் பெண்டாட்டி பாலம்மாள் வாயைத் திறந்தால் காது கூசுகிறது என்று அடுக்கினான்.

"ஒரு செம்பு தண்ணி குடுக்க அந்த வீட்டுல ஆளில்ல அண்ணாச்சி. நாங்களும் எத்தன தடவதான் நடக்கது?"

இராமச்சந்திரன் அதோடு விடுகிற ஆள் இல்லை. இந்த வருஷ மிளகாய் வத்தல் களத்தில் காய்கிறது, அது விளாத்திகுளம் கமிஷன் கடைக்குப் போய்விட்டால் அப்புறம் கையைப் பிசையவேண்டியதுதான். இன்றைக்கே போய்ச் சாக்கில் அள்ளி ஏற்றிவிட வேண்டும், என் வேனையே தருகிறேன், லோடுமேன்களும் என் செலவு, நானும் கூடவே வருகிறேன் என்றார். திறந்த அன்றைக்கே முதல் வசூல், நல்ல போணி அல்லவா என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார். அவர்களும் தலையாட்டினார்கள், ஆட்டுவதற்குக் காசா பணமா?

லிங்கராஜ், இன்றைக்கு வேண்டாம் அண்ணாச்சி, நாள் சரியில்லை என்று இழுத்தான். சரியில்லாத நாளில்தான் கடை திறந்தீர்களோ என்று இராமச்சந்திரன் திருப்பிக் கேட்டதும் சூடத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். பிரபு தன் கால்விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், இன்னொருத்தன் களத்தில் போய் அள்ளுவதற்கு அவருக்கு மனசு வரவில்லை என்று காளீஸ்வரி நினைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனை அப்படித்தான் படித்துவைத்திருந்தாள்.

வீடு அடுத்த தெருவில்தான், காளீஸ்வரி பந்தி வேலையைப் பார்க்க அங்கே வந்தாள். வந்தவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போட வேண்டும் என்று லிங்கராஜின் மனைவி விஜி விடிந்ததும் வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வரும்போதே ஒரு பை நிறைய வத்தல் கொண்டுவந்திருந்தாள். இந்த வருஷத்துப் புது வத்தல், வறுத்தபோது தெருக்கோடி வரைக்கும் தும்மல். நல்ல வத்தலாக இருக்கிறதே மைனி, எந்தக் கடை என்று காளீஸ்வரி சும்மாதான் கேட்டாள்.

விஜிக்கு அது போதுமாக இருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடையா? கொளத்தூர்ல ஒருத்தி குடுத்து விட்டிருக்கா. போன வாரம் ஒங்க அண்ணன் அங்கன போயி நல்லா சாப்ட்டுட்டு வந்தாவ. நான் ராத்திரி சோறு போட்டா வேண்டாங்காவ. பாலம்மா கை மணமே தனிங்காவ. எங்கிட்டயே சொல்லுதாவ பாத்துக்க."

அழுகை வந்துவிட்டது அவளுக்கு. இந்த மனுஷன் வசூல் வசூல் என்று குளத்தூருக்கு ஓடுவது எதற்கு என்று இப்போதல்லவா தெரிகிறது, என் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று மூக்கை உறிஞ்சினாள். புருஷன்காரன் ஒருத்தியின் கைப்பக்குவத்தைப் பேர் சொல்லிப் புகழ்ந்தால் எந்தப் பெண்டாட்டியின் புத்தியும் அந்தப் பக்கம்தான் ஓடும். அவளைக் குறை சொல்ல முடியாது.

காளீஸ்வரியின் புத்தி அந்தப் பக்கம் போகவில்லை. அண்ணனைச் சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தெரியும், பெண்கள் விஷயத்தில் அவன் மேல் ஒரு சொல் கிடையாது. ஆனால் தண்ணீர்கூடத் தரவில்லை என்று காலையில் சொன்ன அதே வாய்தான் அந்த வீட்டுச் சோற்றைப் புகழ்ந்திருக்கிறது. நாயை அவிழ்த்துவிடுகிற பாலம்மாளா வத்தல் கொடுத்து அனுப்புவாள்?

கரிசல்காட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டோடு ஏதாவது வழக்கு இருந்தால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பெண் பார்க்கப் போனாலும் அப்படித்தான், பேச்சு முடிகிற வரைக்கும் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள். பங்காளிச் சண்டை இருந்தால் கல்யாணத்துக்கு வந்து நின்றுவிட்டுச் சாப்பிடாமல் போய்விடுவார்கள். கொடுக்கல் வாங்கலில் இது இன்னும் கறார். பாக்கி நிற்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடித்தால் அப்புறம் குரலை உயர்த்திக் கேட்க முடியாது. பாக்கி தீர்ந்த அன்றைக்கு அந்த வீட்டுக்காரன் இலை போடாமல் அனுப்பவும் மாட்டான். பணத்தை வாங்கினவன் சாப்பிட்டு எழுந்துவிட்டான் என்றால் கணக்கு முடிந்தது என்று அர்த்தம்.

காளீஸ்வரி நேரே உள்ளறைக்குப் போனாள். காசிராஜன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். பேச்சு வார்த்தை இல்லாதவரிடம் எப்படி ஆரம்பிப்பது? அவள் ஆரம்பிக்கவில்லை, கேட்டேவிட்டாள்.

"மாமா, பாக்கி நிக்கிற வீட்டுல யாரும் கை நனைப்பாவளா?"

கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவருடைய தீப்பெட்டி ஆபீஸ் நொடித்த காலத்தில் அட்டை கொடுத்தவரும் தீக்குச்சி மருந்து கொடுத்தவரும் பாக்கிக்காகப் பகல் முழுக்க இந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, நாக்கு வறண்டும் ஒரு வாய் மோர் வாங்காமல் போனதை அவளும் பார்த்தவள்தான்.

"தீந்த வீட்டுலதான் நனைப்பாவ. யாரு, ஒங்க அண்ணனா?"

அவள் நினைத்ததைத்தான் அவர் சொன்னார். ஆனாலும் அவர் வாயிலிருந்து அது வந்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்க வீட்டு ஆள் என்றால் உங்களுக்கு உடனே இளக்காரம்தானே என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். வந்த பிறகு நடையில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

விஜி சொன்னது நிஜமென்றால் ராஜமணி பணத்தைக் கொடுத்துவிட்டான், அண்ணன் வாங்கி முழுங்கிவிட்டான். ராஜமணியின் ஒரு வருஷ உழைப்பை இன்றைக்கு ஊர் பார்க்க அவன் களத்திலிருந்து சாக்குச் சாக்காக அள்ளப்போகிறார்கள், அதுவும் அவள் பேரைச் சொல்லி. இல்லை, இப்போதே ஆபீசில் போய் நாலு பேர் முன்னால் உடைத்துவிடலாம் என்றால், அண்ணன் தலை நிமிர முடியாது. அப்பா அம்மா இல்லாத அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவன் ஒருவன்தான். அந்தச் சம்சாரி வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதையும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள்.

வேன் கிளம்பத் தயாராக நின்றது. சாப்பாட்டை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இராமச்சந்திரன் முன்சீட்டில் ஏறிவிட்டார். காளீஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். பிரபு ஓடிவந்தான். வெயிலில் நீ எதற்கு, அங்கே வாய்த்தகராறு வரும், பொம்பளைகள் வருகிற இடமா என்று இறங்கச் சொன்னான். அந்த வீட்டுப் பொம்பளையோடு பேச ஒரு பொம்பளை இருக்கட்டும், போர்டில் என் பேர்தானே இருக்கிறது என்று அவள் சொன்னாள். இராமச்சந்திரனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது, வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

பிரபுவும் லிங்கராஜும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். விளாத்திகுளம் வந்ததும் லிங்கராஜ், ஒரு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, நீங்கள் முன்னால் போங்கள், பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறேன் என்று இறங்கிக்கொண்டான். தங்கச்சியைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தான். அவன் வரமாட்டான் என்பது காளீஸ்வரிக்குத் தெரிந்துபோனது. அண்ணே, இப்படிப் பண்ணிவிட்டாயே என்று மனசுக்குள் அழுதாள். புருஷனைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே கரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மனுஷனையும் சேர்த்தல்லவா ஏமாற்றியிருக்கிறான் என்று அவன் மேல் இரக்கம்தான் வந்தது.

குளத்தூரில் ராஜமணியின் வீடு ஊருக்கு வெளிப்பக்கம், ஓட்டு வீடு. கூப்பிடு தூரத்தில் களம். களம் முழுக்கச் சிவப்பாக வத்தல் பரத்தியிருந்தது. இராமச்சந்திரன் அதைக் கண்ணால் அளந்துகொண்டே இறங்கினார். லோடுமேன்கள் சாக்கை உதறினார்கள். பிரபு இறங்கவில்லை, தலையை இடிக்கிறது, நான் வண்டியில் இருக்கிறேன் என்றான்.

பாலம்மாள் தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தாள். நாய் ஒன்று வேப்பமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தது, அது தலையைக்கூடத் தூக்கவில்லை. களத்திலிருந்து ராஜமணி துண்டை உதறிக்கொண்டு வந்தான். வாங்க அண்ணாச்சி என்று கும்பிட்டவன், சாக்குகளைப் பார்த்ததும் முழித்தான். இராமச்சந்திரன் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். பாக்கியை வைத்துக்கொண்டு இத்தனை வத்தலைக் காயப்போட்டிருக்கிறாயே, நியாயமா என்றார்.

"பாக்கியா? அத வட்டியோட தீத்தாச்சே அண்ணாச்சி. போன வாரம் ஒங்க சார்புல வந்து வாங்கிட்டு, இங்கன கை நனைச்சிட்டுல்லா போனாவ."

ரசீது எங்கே என்று இராமச்சந்திரன் கேட்டார். ராஜமணி பெண்டாட்டியைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். இப்படி ஒரு கேள்வி வரும் என்று இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கவே இல்லை.

"சோறு போட்டுட்டு ரசீது கேப்பாவளா அண்ணாச்சி?" என்றாள் பாலம்மாள்.

கேட்க மாட்டார்கள். அது இராமச்சந்திரனுக்கும் தெரியும், ஆனால் பணம் அவருடையது. வாயால் யாரும் எதையும் சொல்லலாம், சாப்பிட்டதற்கு யார் சாட்சி என்று சொல்லிவிட்டு லோடுமேன்களைப் பார்த்துக் கையை அசைத்தார். அவர்கள் களத்தில் இறங்கினார்கள். ராஜமணி ஓடிப்போய்க் குறுக்கே நின்றான். பக்கத்துக் களத்தில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கத் திரும்பினார்கள்.

"அள்ளாதீங்க," என்றாள் காளீஸ்வரி. "நான் சாட்சி. எங்க அண்ணந்தான் வந்து வாங்கிருக்காவ. இங்கன சாப்ட்டதா எங்க மைனியே எங்கிட்ட சொன்னா."

சொல்லிவிட்டாள். வண்டியில் வரும்போது எப்படியெல்லாமோ பூசி மெழுகிச் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள், கடைசியில் இப்படிப் பச்சையாக வந்துவிட்டது. இராமச்சந்திரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்படியானால் என் பணத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். ஆபீஸ் பொறுப்பு, எங்க வீட்டுக்காரரும் நானும் பொறுப்பு, எப்பாடு பட்டாவது தருகிறோம், அவருக்கு இது ஒன்றும் தெரியாது, அவரையும் சேர்த்துத்தான் எங்க அண்ணன் ஏமாற்றியிருக்கிறார் என்றாள்.

அவர் நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. காளீஸ்வரி செம்பை வாங்கித் தண்ணீரைக் குடித்தாள், மீதியில் கையைக் கழுவினாள். எக்கா, சோறு இருந்தா ஒரு இலையப் போடுங்க என்று பாலம்மாளிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இந்த வீட்டுக்கும் எங்களுக்கும் வழக்கு இல்லை என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? இராமச்சந்திரன் லோடுமேன்களைக் களத்திலிருந்து வரச்சொல்லிவிட்டு, அவரும் கை கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். ராஜமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் வந்தன. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத காளீஸ்வரிக்கு அது அமிர்தமாக இருந்தது. அண்ணன் போனான், ஆனால் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியாயிற்று, புருஷன் பேரும் கெடவில்லை என்று மனசு கொஞ்சம் ஆறியது.

பாலம்மாள் மூன்றாவது இலையைப் போட்டாள். வண்டியில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரைப் பட்டினி போடலாமா என்று வெளியே போனாள். அவள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பிரபு வேண்டாம் வேண்டாம் என்பதும் கேட்டது. ராஜமணியும் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். பிரபு தலையைக் குனிந்துகொண்டு வந்து காளீஸ்வரிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தான்.

பாலம்மாள் அவன் இலையில் சோற்றைத் தள்ளினாள்.

"இன்னைக்காவது வயிறாரச் சாப்பிடுங்க அண்ணாச்சி. அன்னைக்கு ஒங்க மச்சான் நல்லா சாப்ட்டாவ, நீங்கதான் பாதியில எந்திரிச்சிட்டிய."

அவள் விகல்பம் இல்லாமல்தான் சொன்னாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்? இராமச்சந்திரனின் கை இலையிலேயே நின்றது. பிரபுவை ஒரு பார்வை பார்த்தார். கையிலிருந்த சோற்றை இலையில் உதறிவிட்டு எழுந்தார். கைகூடக் கழுவவில்லை, வெளியே போய்விட்டார். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. அது ரோட்டுக்குப் போகிறதா களத்துக்குப் போகிறதா என்று உள்ளே இருந்து தெரியவில்லை. ராஜமணி துண்டைக்கூட எடுக்காமல் ஓடினான், பாலம்மாளும் பின்னால் ஓடினாள்.

காளீஸ்வரிக்கும் எழுந்து ஓடத்தான் கால் பரபரத்தது. ஆனால் அவளும் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டால் இந்த வீட்டுக்காரனுக்கு அப்புறம் என்ன பிடிமானம் இருக்கிறது? அவள் எழவில்லை. சோற்றைப் பிசைந்தாள். தண்ணீரைக் குடித்துக் குடித்து உள்ளே தள்ளினாள். பக்கத்தில் பிரபு இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

ஏன் செய்தாய் என்று கேட்கலாம். பணம் எங்கே என்று கேட்கலாம். அண்ணன் இழுத்துவிட்டானா, இல்லை யோசனையே உன்னுடையதா என்று கேட்கலாம். எதைக் கேட்டாலும் அவன் ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பான் என்று இன்றைக்குத்தான் முதன்முதலாக அவளுக்குத் தோன்றியது. அதனால் அவன் யோசித்து வைத்திருக்க முடியாத ஒன்றைக் கேட்டாள்.

"அன்னைக்கு என்ன கொழம்பு வச்சிருந்தாவ?"

களத்துப் பக்கம் யாரோ கத்தினார்கள். பிரபு நிமிரவே இல்லை.

"கோழி அடிச்சிருந்தாவ," என்றான்.